பின்னி அவிழ்த்த கூந்தல் (பழனி மலைப் பகுதி)

ஈரக் கூந்தலைச் சடையாகப் பின்னி, நன்றாக உலர்ந்த பிறகு அவிழ்த்து, அதில் விழுந்திருக்கும் வளைவுகளைச் சீப்பு படாமல் அப்படியே விட்டுக்கொள்ளும் ஒப்பனை முறை. சுருட்டை முடிக்கும் அலை முடிக்கும் நன்கு பொருந்தும். கோரை முடியிலும் அலை விழும், ஆனால் தங்காது. இன்று உலகம் அறிந்த வடிவில் இது ஆப்பிரிக்க வழிவந்த பெண்களின் கைவண்ணம். நெருக்கமாகச் சுருண்ட முடியைச் சூட்டுச் சீப்பாலும் மருந்தாலும் நேராக்கினால்தான் அழகு என்ற வழக்கை மறுத்து, முடியை அதன் இயல்பிலேயே வைத்துக்கொள்ளும் இயக்கம் 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் வலுத்தது. பின்னி அவிழ்ப்பதும் அதோடு பரவியது.

பழனி மலைத்தொடரிலும் அடிவாரத்திலும் இதற்குத் தனிப்பெயர் கிடையாது, செயல் உண்டு. ஐந்து நாளும் இரட்டைச்சடையை மடித்துக் கட்டிப் பள்ளிக்கூடம் போகும் சிறுமி வெள்ளிக்கிழமை மாலை ரிப்பனை உருவி, நுனியிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிரித்து, தலையை ஓர் உதறு உதறினால் தோளில் விழுவது இதே ஒப்பனைதான். ரிப்பன் இறுக்கிய இடத்தில் மட்டும் ஒரு முறிவு தெரியும். அதை அவள் அழகென்று நினைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் வந்துவிடும்.

பழைய நூல்களில்

பழனிக்குச் சங்ககாலப் பெயர் பொதினி. ஆவியர் குடியின் ஊர் இது. மயிலுக்குப் போர்வை தந்த வையாவிக் கோப்பெரும் பேகன் அக்குடித் தலைவன். அவனுடைய கொடையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவன் மனைவி கண்ணகியின் கூந்தலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவர் வேறு.) பேகன் அவரைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. பரிசில் வாங்கப் போன புலவர்கள் பொன்னையும் பொருளையும் வேண்டாமென்று சொல்லி, மனைவியிடம் திரும்பிப் போ என்று கேட்ட அரிய தொகுதி அது.

இக்கட்டுரைக்கு வேண்டியவை கடைசி இரண்டும். 146-ஆம் பாட்டில் அரிசில் கிழார், மயில்தோகையைத் தொகுத்தது போன்ற அக்கூந்தலில் மணப்புகை ஏறவும் மாலை சூடவும் தேரைப் பூட்டு என்கிறார். 147-இல் பெருங்குன்றூர் கிழார், எண்ணெய் காணாத கருங்கூந்தலை மணியைக் கழுவுவது போல மாசறக் கழுவிப் புதுப்பூச் சூடும்படி நீ இன்றே புறப்பட்டால் அதுவே எனக்குப் பரிசில் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வரிசை கிடைக்கிறது: எண்ணெய், கழுவல், புகை, பூ. கூந்தலுக்குப் புகையூட்டியதை வெறும் மணத்துக்காக என்று சொல்வோர் உண்டு. அருவியும் மழையும் நிறைந்த மலைநாட்டில் இடுப்பு வரை நீண்ட அடர்ந்த முடி எளிதில் உலராது. புகை உலர்த்தவும் உதவியிருக்கலாம். இன்றும் எண்ணெய்க் குளியல் முடித்த பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டி சளி பிடிக்காது என்றுதான் சொல்வாள், மணக்கும் என்று சொல்ல மாட்டாள்.

கூந்தலுக்குப் பழந்தமிழில் இருக்கும் சொற்களை எண்ணினால் வியப்பாக இருக்கும். ஓதி, கதுப்பு, கூழை, குழல், அளகம், முச்சி ஆகியவை பெண்களுக்கு. குஞ்சியும் பித்தையும் ஆண்களுக்கு. வளைந்த முடியைக் குறிக்க வணர், சுரி என்ற சொற்கள் தனியே உண்டு. அலை முடிக்குப் புலவர்கள் திரும்பத் திரும்பக் கையாண்ட உவமை அறல்: ஆற்றில் நீர் வடிந்த பிறகு கருமணலில் நிற்கும் வரிவரியான மடிப்பு. பின்னி அவிழ்த்த கூந்தலை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் புரியும். மணலில் வரியை விட்டுச் சென்றது நீர்; கூந்தலில் விட்டுச் செல்வதும் நீர்தான்.

ஐம்பால் என்ற சொல் கூந்தலின் ஐந்து பண்புகளைக் குறிக்குமா, ஐந்து முடிப்பு வகைகளைக் குறிக்குமா என்று கேட்பதுண்டு. வகைகள் என்பதே சரி. உரைகள் தரும் பட்டியல்களுள் ஒன்றில் உச்சியில் முடிவது முடி. பக்கத்தில் முடிவது கொண்டை. பின்னே செருகுவது சுருள். சுருட்டி முடிவது குழல். பின்னி விடுவது பனிச்சை. ஆக, இன்றைய சடையின் பழம்பெயர் பனிச்சை. ஐந்துமே முடித்த நிலைகள் என்பது கவனிக்கத்தக்கது. பின்னியதை அவிழ்த்துவிடுவது இப்பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது. விரித்த கூந்தல் துக்கத்தின் குறி, சினத்தின் குறி. மதுரையில் நீதி கேட்ட கண்ணகியும் சபையில் சபதம் செய்த பாஞ்சாலியும் தலைவிரி கோலத்தில்தான் நிற்கிறார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிப்பதைத் தெருக்கூத்தில் இன்றும் ஒரு கட்டமாகவே நடத்துகிறார்கள். இந்த ஒப்பனைக்குத் தமிழில் பெயர் அமையாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முடி வகைப்பாடு

மலைமக்களின் முடியைப் பற்றி எழுதியவர்கள் அதைப் பராமரிக்கும் விதத்தைவிட வகைப்படுத்துவதிலேயே ஆர்வம் காட்டினார்கள். பழனி மலைப் பளியரைப் பற்றி ஏசு சபைத் துறவி டாமன் 1908-இல் ஆந்த்ரோபோஸ் இதழில் எழுதினார். 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் வெளிவந்தது. மேற்கே ஆனைமலைக் காடர் பெண்கள் கொண்டையில் செருகும் மூங்கில் சீப்பு தர்ஸ்டனின் கண்ணில் பட்டது. அதே காடரின் சுருள் முடியைக் காட்டி, இந்தியாவில் நீக்ரிட்டோ இனக்கூறு உண்டு என்று பி. எஸ். குகா 1920-களின் இறுதியில் வாதிட்டார். மயிரின் வளைவைக் கொண்டு மனிதரை இனம் பிரித்த அந்த முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. காடர் பெண்களின் அந்தச் சீப்பின் பல் எவ்வளவு அகலம், சிக்கெடுக்க உதவியதா, வெறும் அணியா என்பதை யாராவது அளந்திருந்தால் நமக்குப் பயன்பட்டிருக்கும்.

இப்போது பரவலாக வழங்குவது அமெரிக்க முடியலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கரின் பகுப்பு. நேர்முடி 1, அலை 2, சுருள் 3, நெருங்கிய சுருள் 4 என்று எண்ணிட்டு, அவற்றை மேலும் உட்பிரிவுகளாகப் பிரிக்கிறது. வளைவை அளந்து எட்டு வகையாகப் பிரிக்கும் ஆய்வு முறை 2007-இல் வந்தது. நம்பத் தகுந்தது அதுதான். அழகு நிலையங்களில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வீட்டு வழக்கில் சுருட்டை, அலை, கோரை, பரட்டை என்ற நான்கு சொல் போதும். இவற்றில் பரட்டை முடி வகையே அல்ல. ஈரப்பதம் கிடைக்காத சுருட்டையை வையும் சொல்.

மொட்டை போட்டால் சுருட்டை போய்விடும், அல்லது அடர்த்தியாக வரும் என்ற நம்பிக்கை பழனிக்கு முடியிறக்க வருவோரிடம் வலுவாக உண்டு. முடியின் வளைவை முடிவு செய்வது தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்கால். கத்தி அங்கே போவதில்லை. குழந்தைக்கு முதல் மொட்டைக்குப் பின் வேறு மாதிரி முடி வருவது வயதால். முருகனுக்குக் கொடுத்தது காணிக்கை. அதற்குப் பலன் கேட்பது வேறு கணக்கு.

அலை விழும் விதம்

மயிரிழையின் புரதமான கெரட்டினில் இருவகைப் பிணைப்புகள் வேலை செய்கின்றன. கந்தகப் பிணைப்பு வலியது. மருந்து வைத்தால்தான் உடையும். ஹைட்ரஜன் பிணைப்பு மெலியது. தண்ணீர் பட்டாலே விடும், உலரும்போது அப்போதிருக்கும் வடிவிலேயே மீண்டும் பிடித்துக்கொள்ளும். பின்னலுக்குள் உலர்ந்த முடி பின்னலின் வளைவைக் கற்றுக்கொள்வது இதனால்தான். பாதி உலர்ந்ததும் அவிழ்த்தால் பாதிதான் கற்றிருக்கும்.

மலையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோடைக்கானலில் மூடுபனி இறங்கினால் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். எதுவும் உலராது, துணியும் உலராது, சடையும் உலராது. மயிரிழை காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதற்கு ஈரமானியே சான்று. ஸ்விட்சர்லாந்து அறிஞர் சொசூர் 1783-இல் மனித மயிரைக் கொண்டு ஈரப்பதம் அளக்கும் கருவியை விவரித்தார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது இழை ஏறத்தாழ 2 சதவீதம் நீளும். மயிரிழைக் கருவிகள் வானிலை நிலையங்களில் நெடுங்காலம் இருந்தன. பனியில் நின்ற தலை பஞ்சாகப் பொங்குவது தைலத்தின் குற்றமன்று, தலை முழுவதும் அந்தக் கருவிதான்.

செய்முறை

வத்தலக்குண்டிலோ பழனியிலோ ஓர் இரவில் உலரும் சடைக்குக் கோடைக்கானலில் மறுநாள் நண்பகல் வரை ஆகலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முயலாமலிருப்பது நல்லது; பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட வெயில் தோதானது. காலையில் தலை குளித்து, வெயிலில் முக்கால்வாசி காய்ந்த பிறகு பின்ன வேண்டும். சொட்டச் சொட்டப் பின்னுவதுதான் முதல் தவறு.

கழுவ மலையடிவாரத்தில் மூன்று பொருள் கிடைக்கும். பளியர் காட்டிலிருந்து கொண்டுவரும் சீயக்காய் மெல்ல நுரைத்து அழுக்கை எடுக்கும், முடியில் கொஞ்சம் பிசுபிசுப்பை விட்டுவைக்கும். அது இங்கே நல்லது. உசில மரத்து இலையை உலர்த்தி இடித்த அரப்பு எண்ணெயை ஒட்ட எடுத்துவிடும். சுருட்டை முடிக்குச் சற்று முரடு. மூன்றாவது பூந்திக்கொட்டை. தண்ணீரும் முக்கியம். மலைச் சுனைநீர் மென்மையானது. கீழே ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரில் சோப்பு திரிந்து இழைமேல் படியும்.

ஈரம் இருக்கும்போதே ஆளிவிதைக் கொதிநீரோ சோற்றுக்கற்றாழைச் சாறோ தடவினால் வளைவு பிடித்து நிற்கும். மேலே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இழைக்குள்ளேயே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் ரேலேயும் மோகிலேயும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விளக்கெண்ணெய் கனம், அலையை இழுத்துச் சாய்த்துவிடும்.

பிறகு பின்னல். சிக்கை விரலாலும் பெரிய பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கி எடுத்து, வகிடு பிரித்து, நான்கு முதல் எட்டுச் சடை போடலாம். சடை குறைந்தால் அலை அகலம், கூடினால் நெருக்கம். மூன்றுகால் பின்னல் போதும். நாலுகால், ஐந்துகால் பின்னல்கள் பார்க்க அழகு, அவிழ்த்தால் அலை ஒழுங்கற்று வரும். இறுக்கம் வேரிலிருந்து நுனி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பழக்கம் இதற்கு நேர் எதிர்: நெற்றியோரம் தோல் இழுபட இறுக்கிவிட்டு நுனியைத் தளரவிடுவது. அலையும் கெடும், நாளடைவில் நெற்றியோர முடியும் ஏறிப்போகும். நுனி குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்காமலிருக்கக் கடைசி இரண்டு அங்குலத்தை விரலில் சுற்றி, துணிக்கிழிசலால் கட்டிவிடுவது பழைய தந்திரம். ரப்பர் பேண்டு வரி விழ வைக்கும்.

இரவில் பழைய பட்டுத்துணி ஒன்றைத் தலையில் சுற்றிப் படுக்கலாம். பருத்தித் தலையணை உறை ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும், இழையையும் உராயும்.

அவிழ்ப்பதில்தான் பொறுமை வேண்டும். சடையின் நடுவை இரு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, விட்டுவிட வேண்டும். அவசரமென்றால் தணலில் சாம்பிராணி போட்டு எட்ட நின்று புகையில் காட்டலாம். அரிசில் கிழார் கேட்டதும் கூந்தலுக்குப் புகையைத்தான். விரல் நுனியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு, கீழிருந்து ஒவ்வொரு காலாகப் பிரிக்க வேண்டும். பிரிந்த புரியை மறுபடி இரண்டாகப் பிரித்தால் பருமன் கூடும், ஒவ்வொரு பிரிப்பிலும் பஞ்சாகப் பொங்குவதும் கூடும். எங்கே நிறுத்துவது என்பது அவரவர் கை. வகிட்டுக் கோடு தெரியாமலிருக்க வேரை மட்டும் விரலால் கிளறிவிடலாம். சீப்பு கூடாது. பூ வைப்பதானால் நிலக்கோட்டை மல்லிகையில் அரை முழம் போதும். முழக்கணக்கில் தொங்கவிட்டால் அதன் கனமும் ஈரமும் பின்பக்க அலையைத் தட்டையாக்கிவிடும்.

தற்கால நிலை

கோடைக்கானலிலும் பழனியிலும் அழகு நிலையங்கள் உள்ளன. முடியை நேராக்கிக்கொள்ள வருவோரே அங்கு மிகுதி. சுருட்டையை அப்படியே விட்டுக்கொள்ளும் இளம்பெண்கள் அண்மைக் காலத்தில் கூடியுள்ளனர். அரசுப் பள்ளிகளில் இரட்டைச்சடை தொடர்கிறது.