குடிவழி ஏடும் குருவழி ஏடும்

சந்தானம் என்னுஞ் சொல் மக்கட்பேற்றையுங் குறிக்கும். ஆசிரிய மாணாக்க மரபினையுங் குறிக்கும். மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் ஆகிய நால்வரையுஞ் சந்தான குரவர் என்று சைவர் வழங்குங்கால் பின்னைய பொருளே கொள்ளப்படும். ஆயினும் அம்மரபின் தோற்றத்தை நாடிச் செல்வார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒரு குடியின் மகப்பேறின்மைத் துயரும், அக்குடிக்கு ஆசிரியராயினார் இல்லத்தில் வழிபடப்பெற்ற திருமுறை ஏடுமே. ஏடு ஒரு குடியில் எங்ஙனம் இறங்கி வருகின்றது, எவ்விடத்து அறுகின்றது, அறுந்ததனை மீட்டும் முடிவோர் யாவர் என்பவற்றை விழுப்புரம், திண்டிவனம் சூழ்ந்த நாட்டின் வரலாறுகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

விழுப்புரம் மாவட்டத்தில், பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்தது திருவெண்ணெய்நல்லூர். பாட்டன் எழுதிய ஓலை பெயரன் முன் வந்து நின்ற வரலாறு இவ்வூருக்கே உரியது. புத்தூரில் நம்பியாரூரர்க்குத் திருமணம் நிகழவிருந்த நாளில் முதிய அந்தணர் ஒருவர் பந்தருட் புகுந்து அவரைத் தமக்கு அடிமை என்றார். சான்றாக நீட்டிய ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்பால் உளதென்றும் கூறிய அந்தணர், திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டினார். நம்பியின் பாட்டனார் தாமும் தம் வழிவருவோரும் தொண்டு செய்வதாக எழுதிக்கொடுத்த ஓலை அது. அவையத்தார் சான்றாளர் கையெழுத்தை ஆராய்ந்தனர், காப்பிலிருந்த மற்றோர் ஓலையையும் வருவித்து, பாட்டனார் எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர், இரண்டும் ஒத்திருந்தன. இஃது சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்துட் கூறியது.

இதனை அருட்செயலாகவே ஓதி அமைவது அடியார்க்கு இயல்பு. வரலாறு நோக்குவார்க்கோ இதன்கண் வேறோர் செய்தியும் உண்டு. மூலம், படி, ஒப்புநோக்கல் என்னும் மூன்றும் 12-ஆம் நூற்றாண்டில் ஊரவைகளில் வழக்கமாயிருந்தமையும், முன்னோர் கையெழுத்து ஊர்க்காப்பில் வைக்கப்பெற்றமையும் இதனாற் புலனாகின்றன. பாட்டனார் எழுதியதனைப் பெயரன் அறியாதிருந்தார் என்பதும் கருதற்பாலது. குடியில் ஒருவர் எழுதியது அக்குடியினரால் மறக்கப்பட்டுப் பிறர் ஒருவரிடத்துக் காக்கப்பட்டமையால் அன்றோ அவ்வழக்கு எழுந்தது!

இனி, 13-ஆம் நூற்றாண்டிற்கு வருவாம். பெண்ணாகடத்து வேளாளருள் அச்சுத களப்பாளர் என்பார் மகப்பேறின்றி வருந்தித் தங் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் ஆகமங்கள் அனைத்தும் வழிவழியாகக் கற்ற ஆதிசைவ மரபினர். எனினும் அவர் அன்று எடுத்தது ஆகமத்தை அன்று. தேவாரத் திருமுறையை வழிபட்டு அதிற் கயிறு சாத்திப் பார்த்தார். ஏட்டின் துளையிற் கோத்த கயிறு ஏடுகளைச் சிதறாமற் கட்டுவதற்கு அமைந்தது. கற்றறிந்தார் கையில் அதுவே திருவருட்குறிப்பை வினவுங் கருவியும் ஆயிற்று. திருஞானசம்பந்தர் திருவெண்காட்டின்மேல் அருளிய பதிகத்தில், முக்குளத்து நீராடி வழிபடுவார் பெறும் பேற்றைக் கூறும் பாசுரம் அமைந்த ஏடு வந்தது. களப்பாளர் மனைவியாரோடும் திருவெண்காடு சென்று அவ்வாறே வழிபட்டனர். இப்பிறப்பில் மகப்பேறு இல்லை என்று கனவில் உணர்த்தப்பட்டபோது, சம்பந்தப்பெருமான் வாக்கு உண்மையின் யாம் அதனையே பற்றினேம் என்று அவர் உறுதியாய் நின்றனர் என்பது மரபு. பிறந்த மகவுக்குச் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டனர்.

அக்குழவியைத் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூர்க்குக் கொண்டு சென்று வளர்த்தார். பரஞ்சோதி முனிவர் அருளுரை வழங்கி மெய்கண்டார் என்னும் பெயரையும் நல்கினார். பொல்லாப்பிள்ளையார் திருமுன்னர் இருந்து சிந்தித்துச் சிவஞானபோதம் செய்தருளினார் அவர். பன்னிரண்டு சூத்திரம், சூத்திர அடிகள் நாற்பதே. ஏட்டினின்றும் மகவு தோன்ற, மகவினின்றும் ஏடு தோன்றியது.

இதற்கு மேல் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு உயிராவது. தம் குலகுருவாகிய முதியோரை வந்து வணங்காமற் சிறுவர் ஒருவர் பலர்க்கும் உபதேசம் செய்கின்றார் என்று கேள்வியுற்ற சகலாகம பண்டிதர், சினமுற்றுத் திருவெண்ணெய்நல்லூர்க்கு வந்தார். அப்பொழுது மெய்கண்டார் ஆணவமலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தனர். அம்மலத்தின் வடிவு யாது என்று பண்டிதர் வினவ, மெய்கண்டார் விடை கூறாது, நின்ற பண்டிதரையே விரலாற் சுட்டினார். அவ்வளவில் அவர் அடிவீழ்ந்து மாணாக்கராகி, அருணந்தி எனப்பெற்று, சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் அருளினார். சிவஞானபோதத்தை முதனூல் என்றும் சித்தியாரை வழிநூல் என்றும் கூறுவர். முதனூல் இளையார் செய்தது. வழிநூல் அவர் தந்தைக்கு ஆசிரியராயினார் செய்தது. தம் முன்னோரிடத்திருந்து அனைத்தாகமமும் பெற்ற ஒருவர், தாம் கயிறு சாத்தியமையாற் பிறந்த பிள்ளையினிடத்து மீட்டும் பாடங் கேட்டார்.

குடியில் நூல் வழங்குவது மூத்தோர் இளையோர்க்குக் கொடுப்பது என்றே பலருங் கருதுகின்றனர். மெய்கண்ட சந்தானத்தில் அஃது மேனோக்கியுஞ் சென்றது. வீட்டில் ஏடு உளது என்று பெருமை பேசும் முதியோர் இதனை உளங்கொள்வாராக. திருவதிகையில் வாழ்ந்த மனவாசகங்கடந்தார் மெய்கண்டார்க்கு மாணாக்கராய்ச் செய்த உண்மை விளக்கம் வினாவும் விடையுமாகவே இயல்வதும் கருதத்தக்கது. கேட்பார் இல்வழி நூல் இல்லை.

ஏட்டுச்சுவடியின் இயல்பும் இதனையே காட்டும். பழைய ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி இடுதல் இல்லை; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒருபடியாக எழுதப்படும்; காலும் ரகரமும் ஒத்த வடிவின. ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும் ஏட்டில் ஒன்றே. சீர் பிரிப்பும் இல்லை. எழுத்தை மட்டும் அறிந்தான் ஒருவன் தன் தந்தையின் ஏட்டை விரித்தால் இடர்ப்படுவன்; தந்தை வாய்ப் பாடங் கேட்டவனே தடையின்றிப் படிப்பன். ஓலைக்கும் ஆயுள் அளவுண்டு. நன்கு பேணினால் இருநூறு முந்நூறாண்டு நிற்கும். பூச்சியும் ஈரமும் புகின் அதன் பாதியும் இராது. ஆதலின் சில தலைமுறைக்கொருகால் ஒருவர் படிக்க ஒருவர் எழுதிப் புதிதாகப் பெயர்த்தெழுதியாக வேண்டும். அப்பணி ஒரு முறை நின்றால் ஏடு பூசைக்குரிய பொருளாய்விடும். அதற்கடுத்த தலைமுறையில் சுமையாய்விடும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கொடுமையை உ. வே. சாமிநாதையரவர்கள் நெஞ்சு வெதும்பி எழுதியுள்ளார்கள். அவ்வாறு விட்டோர் பகைவர் அல்லர்; அவ்வேடுகளுக்கு உரியவரே.

திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் விளங்கும் பொம்மபுர ஆதீனம் வீரசைவ மரபினது. நம் கொள்கையோடு சிற்சில இடங்களில் வேறுபடுவதாயினும் தமிழ்ப்பணியில் நாம் போற்றத்தக்கது. அவ்வாதீனத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர் 17-ஆம் நூற்றாண்டுத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள். இளமையிலேயே தந்தையாரை இழந்த அவர்தம் குடியில் உடன்பிறந்தார் மூவருமே புலவர். சீகாளத்திப் புராணம் கருணைப்பிரகாசராலும், சிவப்பிரகாசராலும், வேலையராலும் பாடப்பெற்று ஒரு நூலாயிற்று. ஒருவர் விட்ட இடத்தை உடன்பிறந்தார் தொட்டு முடித்தனர். தமையனார் எடுத்த நூலைத் தம்பியர் முற்றுவித்தும் தம்பியார் நூலிற் சில சருக்கங்களைத் தமையனார் பாடியும் வளர்ந்த குடிகளில் நூல்கள் கெடாமல் நின்றன. சிவப்பிரகாசர் கன்னடத்துச் சாமரசர் நூலைத் தழுவிப் பிரபுலிங்கலீலையைத் தமிழிற் செய்தமையால், ஒரு மொழியார் மரபுச் செல்வம் மற்றொரு மொழியாரில்லங்களிலும் புகுந்தது.

விழுப்புரத்தை அணித்தாகிய திருவாமாத்தூரில் 1898-ல் அடங்கிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் பல்லாயிரம் பாடல்கள் இயற்றினார். அவற்றுட் பலவற்றைக் கோவையை அடுத்த கௌமார மடாலயத்தார் அச்சேற்றினர். ஊர் வேறு, ஒழுகிய நெறி ஒன்று, நூல்கள் பிழைத்தன.

இனி இற்றைநாள் நிலையைக் கூறவேண்டும். 1955-ல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டுச் சிவாசாரியார் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்த ஆகம ஏடுகளை நாடித் தொகுத்தனர். கொடுக்க இசையாதார் ஏடுகளைப் பார்த்துத் தாளிற் பெயர்த்தெழுதுவித்தனர். அவ்வூரிற் சேர்ந்த சைவச் சுவடிகள் ஏறக்குறையப் பதினோராயிரம். 2005-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. குடிவழி வந்த ஏடுகள் பிறநாட்டார் நிறுவனத்திற் சென்று தங்கியது தகுமோ என்று வருந்துவார் உளர். அவ்வருத்தம் அடியேற்கும் உண்டு. ஆயினும் ஆற்றிற் போகாமல் அவை நின்றமைக்கு அவர்தம் உழைப்பே காரணம் என்பதை மறுத்தல் நன்றியன்று.

அவ்வேடுகளுட் பெரும்பாலன கிரந்த எழுத்தின. ஏடு கொடுத்த இல்லத்துப் பெயரன்மாருள் அவ்வெழுத்தறிந்தார் இன்று மிகச் சிலரே. அதனைக் கற்றல் பெரும்பாடன்று. நாடோறும் ஒரு நாழிகை இருந்தால் ஓரிரு திங்களிற் கைவரும். மக்களுக்குக் கற்பிக்க இயலாத பெற்றோர், கற்ற மக்களைக் கொண்டு படிப்பித்துத் தாம் கேட்கலாம். சகலாகம பண்டிதர் திருவெண்ணெய்நல்லூரில் அதனையே செய்தார்.