சிங்கன் தேடிய சிங்கி

சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு வருவோர் நீராடிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் நின்று பார்ப்பவர் குறைவு. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (1706–1732) அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. அக்குறவஞ்சியை இங்கே எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

காதலில் ஆண் என்றாலே ஏமாற்றுபவன், விட்டுப் போகிறவன் என்னும் தீர்ப்பு இன்று மிக எளிதாக வழங்கப்படுகிறது. இலக்கியம் பயின்றவர்கள் அதற்குச் சான்றும் தருகிறார்கள்: மாதவியிடம் சென்ற கோவலன், பரத்தையர் வீட்டிலிருந்து திரும்பி வாயில் வேண்டி நிற்கும் மருதத் தலைவன். இச்சான்றுகள் பொய்யல்ல, அவற்றை மழுப்பவும் வேண்டியதில்லை. அவற்றிலிருந்து எல்லா ஆண்களுக்கும் தாவும் முடிவோடுதான் நமக்கு வழக்கு.

அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. அதனால் சங்க அகப்பாடல்களின் தலைவனுக்குப் பெயரில்லை. 'யாரோ ஒருவன்' என்று புலவர் விட்டதைப் பின்வந்தோர் 'எல்லோரும்' என்று படித்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. பனைமடலால் செய்த குதிரையில் எருக்கம்பூ மாலையுடன் ஊர் நகைக்கத் தெருவில் வருபவனும் அதே பெயரற்ற தலைவன்தான். பெண்ணுக்கு மடலேற்றம் இல்லை என்பது தொல்காப்பிய மரபு. காதலுக்காக நடுத்தெருவில் மானத்தை இழப்பவன் ஆண். வழக்கு நடக்கும்போது இவனைச் சாட்சிக்கு யாரும் அழைப்பதில்லை.

இனிக் குறவஞ்சிக்கு வருவோம். உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி உருகுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள், பரிசு பெறுகிறாள். நம் வாசிப்பு பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடும். நூல் நிற்பதில்லை. குறத்தியின் கணவன் சிங்கன் வருகிறான். (சிங்கன், சிங்கி என்பவை குறவஞ்சி நூல்களின் வாடிக்கைப் பெயர்கள்தாம், ஆயினும் இவனுக்கு உயிர் கொடுத்தவர் கவிராயர்.) பறவை பிடிப்பது அவன் தொழில். கோயில் நிலங்களில் பறவைகள் மேய்கின்றன, கண்ணியும் கையில் இருக்கிறது, மனம் மட்டும் வேட்டையில் இல்லை. எந்தப் பறவையைப் பார்த்தாலும் சிங்கியின் நினைவுதான். தோழன் நூவனிடம் அவளது கறுப்பழகை அடையாளமாகச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறான். நகைச்சுவைக்காக வந்தவன் என்று அவனைத் தள்ளுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. சிரிப்பு இருக்கிறது, உண்மைதான். மனைவியைக் காணாமல் தொழில் மறந்து திரியும் ஒரு கணவனின் தவிப்பு அச்சிரிப்பால் குறைந்துவிடவில்லை.

கடைசியில் சிங்கியைக் காண்கிறான். அவள் மேனியெங்கும் புதிய நகைகள். காலில் என்ன, இடையில் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். கேள்வியில் வியப்போடு கொஞ்சம் ஐயமும் கலந்திருக்கிறது. அவனையும் புனிதனாக்க வேண்டாம். எந்த நாட்டில் குறி சொல்லி எதைப் பெற்றாள் என்று சிங்கி அடுக்குகிறாள், கொஞ்சமும் தணியாமல், தன் உழைப்பின் மிடுக்கோடு. அவன் அந்த விடைகளை ஏற்றுக்கொள்கிறான்.