துப்பாக்கி மருந்து மையும் ஐந்தாம் வேற்றுமையும்

தர்ஷிச் என்னும் செர்பியச் சிற்றூரில் 1787இல் பிறந்த வூக் கராஜிச், துப்பாக்கி மருந்தைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, தோட்டாத் தாளில் எழுதிப் பழகியவர். 1818இல் வியன்னாவிலிருந்து 26,270 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டார். எல்லாம் உழவரும் இடையரும் பேசிய சொற்கள்; வசைச்சொற்களைக்கூட விடவில்லை. படித்தவர்களும் திருச்சபையும் கொதித்தெழுந்தனர். அவருடைய எழுத்துமுறையைச் செர்பியா முழுமையாக ஏற்றது 1868இல், அவர் மறைந்து நான்காண்டு கழித்து.

இன்று பத்து தினார் நோட்டில் அவர் முகம். எட்டாம் வகுப்பு முடிக்கும் சிறந்த மாணவர்க்கு அவர் பெயரால் பட்டயம். ஆனாலும் தாய்மொழி வகுப்பில் கொட்டாவி வந்துவிடுகிறது.

ஒலிக்கு ஒன்றாக அவர் வகுத்த 30 எழுத்தும் பிள்ளைகளுக்கு எளிதில் கைவந்துவிடும். சிக்கல் வேற்றுமையில் தொடங்குகிறது. ஏழு வேற்றுமை, இரண்டு எண், மூன்று பால். கரும்பலகை நிறைய அட்டவணை. முதல் வேற்றுமைக்கு ‘கோ? ஷ்தா?’, அதாவது யார், எது என்று கேள்விகளை ஒப்புவிப்பார்கள். ஐந்தாவதான விளிக்கு மட்டும் கேள்வி கிடையாது, ‘ஹேய்!’ என்று ஒரு கூவல்தான். ஆசிரியர் தொடங்க வேண்டிய இடம் அதுவே என்பேன். சகோதரன் ‘ப்ராத்’, அவனையே அழைத்தால் ‘ப்ராதே’. திடலில் நாளெல்லாம் அப்படிக் கூவும் பிள்ளைக்கு வேற்றுமை ஏற்கெனவே தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் ஆளில்லை. விளியை எட்டாவதாக வைத்த நன்னூலைப் படித்தவர்க்கு இது சட்டென விளங்கும்.

இலக்கியத்துக்கு வருவோம். ‘பானோவிச் ஸ்த்ராஹின்யா’ என்ற கதைப்பாடலை மிலியா என்ற கிழவர் பாடக் கேட்டு எழுதினார் வூக். கிழவருக்குப் பாடத்தான் வரும், வரிசையாகச் சொல்ல வராது. பாடவும் ராகியா மது உள்ளே போக வேண்டும். இதைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

பிறகு கதை. மனைவியைக் கவர்ந்தவனோடு ஸ்த்ராஹின்யா மல்லுக்கட்டும்போது, உடைந்த வாள்துண்டை எடுத்து அவள் வெட்டுவது கணவனைத்தான். அவளைக் கொல்லப் பாயும் அவள் உடன்பிறந்தாரைத் தடுத்து, அவனே அவளை மன்னிக்கிறான். ஏன் மன்னித்தான்? அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகாத கேள்வி. பதின்ம வயதுப் பெண்களும் பையன்களும் மோதிக்கொள்ள வேறு களம் வேண்டுமா? தேர்வுக்கு வசதியான கேள்வியோ அடிக்கு எத்தனை அசை என்பது. பத்து. விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு மணியடிக்கக் காத்திருக்கலாம்.

அசைக் கணக்கை அடுத்த பாடவேளைக்குத் தள்ளலாம். முதல் வேளை முழுவதும் அந்த மன்னிப்பைப் பற்றிய சண்டைக்கே வேண்டும்.