வாயிற்காவலர் இல்லாத பெரியாஸ்பத்திரி

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: சாதாரண தடிமனுக்கும் இருமலுக்கும் இங்குள்ள சனம் ஏன் பெரியாஸ்பத்திரிக்கே ஓடுகிறது? அவர்கள் பழகிய ஒழுங்கு வேறு. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருப்பர். அவர் கடிதம் தந்தால்தான் பெரும்பாலும் நிபுணரைக் காணமுடியும். இங்கோ எந்தக் கடிதமும் வேண்டியதில்லை. காலையில் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து வரிசையில் நிற்கலாம். பொழுது சாய்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். நெஞ்சுவலிக்காரரும் தொண்டைநோக்காரரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதைச் சனங்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த வாங்குக்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

துறைமுகப் பட்டினத்தின் ஆங்கில மருத்துவம் கப்பலோடு வந்தது. பிரித்தானியக் கடற்படைக்குத் தனியாக மருத்துவமனை இருந்தது. 1957 இல் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அதன் முதற்கவலை அதன் சிப்பாய்களே. (நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவில் நோயுற்று இறந்தார். அவரது கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.) ஊர்ச்சனங்களுக்கு அரச ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரியின் அப்போதிக்கரி, பரம்பரைப் பரியாரியார் ஆகிய மூன்று வாசல்கள் இருந்தன. நாடி பார்ப்பதற்கு முன்பே குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் அறிந்திருந்தவர் பரியாரியார்தாம். இன்றைய பொருளில் அவரையே குடும்ப மருத்துவர் எனலாம்.

மேலை மருத்துவத்திலும் அப்படியொரு மரபைத் தமிழில் தோற்றுவிக்க முயன்றவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1873 இல் நாடு திரும்பும்வரை அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். பிற்பகுதியில் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவர்கள் ஊர்களிலேயே தங்கி வைத்தியம் செய்யவேண்டும், நோயாளியின் மொழியிலேயே பேசவேண்டும் என்பது அவரது எண்ணம். அது நிலைத்திருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்கலாம். ஆனால் 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழி ஆங்கில வழியாயிற்று.

1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. சர்வசன வாக்குரிமை 1931 இலேயே கிடைத்துவிட்டபடியால், ஒவ்வொரு தொகுதியும் தனக்கென ஓர் ஆஸ்பத்திரி கேட்டது. அரசியல்வாதிகளும் கட்டிக் கொடுத்தனர். பிரித்தானியாவில் 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, அந்நாடெங்கும் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த குடும்ப மருத்துவர்களை அரசு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் சுதந்திரமடைந்த இலங்கையின் கிராமங்களில் ஒப்பந்தம் செய்ய அப்படி எவரும் இல்லை. கட்டிய ஆஸ்பத்திரிகளே இருந்தன. 1951 இல் எஞ்சியிருந்த கட்டணமும் நீங்கியது. வாயிற்காவலர் இல்லாமலே வாசல் திறந்தது.

அந்த வாசலைக் காசால் ஒடுக்கிப் பார்த்ததும் உண்டு. 1971 இல் வெளிநோயாளருக்கு 25 சதம் அறவிடத் தொடங்கினர். வெறும் 25 சதம்தான். ஆனாலும் வருகை கணிசமாகக் குறைந்தது. அவசியமற்று வந்தவர்கள்தாம் நின்றார்களா, அவசியத்தோடு வந்த ஏழைகளும் நின்றார்களா என்பதைக் கட்டணத்தால் பிரித்தறிய முடியாது. 1977 இல் பதவியேற்ற அரசு அக்கட்டணத்தை நீக்கியது. கூடவே அரச மருத்துவர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாகத் தொழில் பார்க்கவும் இடமளித்தது. காலையில் இலவசமாகக் கண்ட அதே டொக்டரை மாலையில் காசு கொடுத்துக் காணும் வழக்கம் வலுத்தது அதன்பின்னரே. முழுநேரக் குடும்ப மருத்துவருக்கு இது நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து. 1974 இலேயே பொது மருத்துவர்களுக்கென ஒரு கல்லூரி உருவாகியிருந்தும் அத்துறை பின்தங்கியே நின்றது.

யுத்தம் மீதியைச் செய்தது. 1983 க்குப் பின் தமிழ் மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டே போயினர். ஊரில் தெரிந்த டொக்டர் இல்லாதபோது பெரியாஸ்பத்திரியைத் தவிர வேறெங்கே போவது? அதற்கும் கிண்ணியாக்காரர் பாதையில் ஏறவேண்டும். மூதூர்க்காரர் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்கவேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான். அதே ஆண்டு பெப்ரவரி முதல் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் கொண்டுவரப்பட்ட காயப்பட்டவர்கள் இறங்கியதும் திருகோணமலையிலேயே. மெய்யான அவசரம் எதுவென்று அந்த ஆஸ்பத்திரிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

எனவே தொண்டைநோவுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் கூலித்தொழிலாளியை நான் குறைசொல்லமாட்டேன். தனியார் டொக்டரின் கட்டணம் அவருக்கு ஒருநாள் சாப்பாடு. ஆனாலும் அவர் இழப்பது ஒன்றுண்டு: தன்னை நினைவில் வைத்திருக்கும் ஒரு மருத்துவர். ஒவ்வொரு முறையும் புதுமுகம், சிலவேளை புதுமொழியும்கூட. ஓரிரு நிமிடத்தில் பார்வை முடிந்துவிடும். சளிக்கு மருந்து கிடைக்கும். பல வருடமாக மெல்ல ஏறிவரும் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க ஆளிராது. கிளினிக் நோயாளர்கள் பையில் சுமந்து திரியும் அப்பியாசக் கொப்பியே அவர்களுடைய குடும்ப மருத்துவர். 2004 மார்கழிச் சுனாமியில் வீட்டோடு அந்தக் கொப்பியும் போன முதியவர்களை முகாம்களில் சந்தித்தேன். என்ன மருந்து குடித்தீர்கள் என்று கேட்டால், "வெள்ளைக் குளிசை ஒண்டு, ரோசாக் குளிசை பாதி" என்பார்கள். கிண்ணியா ஆஸ்பத்திரியையும் கடல் சிதைத்திருந்தது. கேட்டறிய வேறிடம் இருக்கவில்லை.

2018 இல் வந்த அரசின் கொள்கை இதைத் திருத்த முனைந்தது. பழைய மத்திய மருந்தகங்களை ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளாக வலுப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் குறித்த சனத்தொகையைப் பொறுப்பாக்குவது திட்டம்; உலக வங்கியும் கடன் தந்தது. நல்ல யோசனைதான். ஆனால் 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. மருத்துவர்கள் மறுபடியும் விமானம் ஏறினர். கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை மாற்றக் கடன் போதும். அதற்குள் பத்து வருடம் இருந்து, தமிழில் பேசி, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு டொக்டரை இருத்துவது எப்படி என்பதே இடமாற்றப் பட்டியல் தயாரிப்போரிடம் நான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.