விரலளவு ரிச் கேக்

மேற்கில் பழக் கேக் ஒரு பகிடிப் பொருள். உலகில் இருப்பதே ஒரேயொரு பழக் கேக்தான், அதையே எல்லோரும் மாறி மாறி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று கேலி செய்தவர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜொனி கார்சன். கெட்டுப்போகாத அதன் குணத்துக்குச் சான்றும் உண்டு. அந்தாட்டிக்காவில் ஸ்கொட்டின் பயணக் குழு விட்டுச்சென்ற கேக் ஒன்று, நூறாண்டுக்கு மேல் கழித்து 2017இல் கண்டெடுக்கப்பட்டது. தகரப்பெட்டி துருப்பிடித்திருந்தது, கேக் ஏறக்குறைய உண்ணும் நிலையிலேயே இருந்தது.

பிரித்தானியரோடு இலங்கைக்கு வந்த இந்தக் கேக், இங்கே ‘ரிச் கேக்’ ஆனது. கோதுமை மாவுக்குப் பதில் வறுத்த ரவை. கஜு, முந்திரிகை வற்றல், இஞ்சிப்பாகு, நீற்றுப்பூசணியில் செய்யும் ‘புஹுல் தோசி’ எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பிராந்தியில் நாட்கணக்கில் ஊறவைப்பார்கள். (‘தோசி’ போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.) பழைய அளவுப்படி ஒரு இறாத்தல் ரவைக்கு இருபதுக்கும் மேல் முட்டை மஞ்சட்கரு. தட்டின் உட்புறம் கருகாமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களை அடுக்கி, குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்க வேண்டும். நம் எழுத்துகளுக்கு இதைவிட நல்ல பயன் கிடைப்பது அரிது.

சீனி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மதுசாரம் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. கேக் கெடாததற்குக் காரணம் அவ்வளவே.

ஊவாத் தோட்டங்களில் துரை பங்களாவுக்குப் போறணை இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் விறகடுப்புக்கே இடம் போதாது. நாட்சம்பளத்தில் கஜுவும் பட்டரும் எட்டாத தூரம். ஆகவே எங்கள் லயத்துக்கு ரிச் கேக் முழுதாக வந்ததில்லை. பதுளையில் யாராவது வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த, மினுங்கும் தாளில் சுற்றிய விரலளவுத் துண்டாகவே வந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் மாப்பிள்ளை கனவில் வருவான் என்று அக்காமாரைச் சீண்டுவோம்.

1983 வன்செயலுக்குப் பின் எங்கள் சித்தி குடும்பம் வவுனியாவுக்குப் போனது. தொண்ணூறுகளில் ஒரு நத்தாருக்கு அம்மா சீட்டுக்காசில் பேக்கரிக் கேக் ஒன்று வாங்கி, பஸ்ஸில் கொண்டுபோனார். வழியில் சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்த்தவர் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, “கல்லா?” என்று கேட்டாராம்.

ஐந்து ஓட்டைகளோடு போய்ச் சேர்ந்த அந்தக் கேக்கைச் சித்தி முகாமில் இருபத்திரண்டு பேருக்கு வெட்டிக்கொடுத்தார்.