வெற்றுக்கூட்டுக்குள் மோட்டார் வைத்தவர்கள்

1928 செப்டம்பரில் லண்டன் ராயல் தோட்டக்கலை மண்டபத்தில் மாடல் பொறியாளர் சங்கத்தின் கண்காட்சி நடந்தது. திறந்துவைக்க வேண்டிய யார்க் கோமகன், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர், வரவில்லை. அவருக்குப் பதிலாக ஓர் அலுமினிய மனிதன் எழுந்து நின்று, கையை அசைத்து, திறப்புரை நிகழ்த்தினான். பெயர் எரிக். கட்டியவர்கள் டபிள்யூ. எச். ரிச்சர்ட்ஸ், ஆலன் ரெஃபெல் என்ற இருவர். பிரிட்டனின் முதல் ரோபோ என்று இன்று குறிப்பிடப்படும் எரிக்கின் மார்பில் ஆர்.யு.ஆர். என்று மூன்று எழுத்துகள் பொறித்திருந்தார்கள். 1921இல் ப்ராக் நகரில் அரங்கேறிய காரெல் சாபெக்கின் நாடகத்துக்கும் அதில் வரும் கற்பனைத் தொழிற்சாலைக்கும் உரிய பெயர் அது. நாடகத்தில் ரோபோக்கள் பார்வைக்கு மனிதர்களேதான். நடிகர்கள் அந்த வேடங்களை ஏற்று நடித்தார்கள். உலோக உடம்பு, உள்ளே மின்மோட்டார், பல்லிடுக்கில் தெறிக்கும் தீப்பொறி எல்லாம் அந்த இருவரும் சேர்த்தவை. கதையில் படித்ததை ஆளுயரத்தில் கட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு, இந்த வகையில், ஏறக்குறைய நூறு வயதாகிறது.

அறிவியல் புனைகதை ரோபோக்களை வீட்டுக் கொட்டகையில் அச்சு அசலாகக் கட்டுகிறவர்களைப் பார்த்து, வளர்ந்த பிறகும் பொம்மை விடாதவர்கள் என்று சிரிப்பது எளிது. முதலில் அசல், பிறகு நகல். அசலுக்கு மதிப்பு, நகலுக்கு இரண்டாம் இடம் என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சிரிக்கிறோம். இந்தத் துறையின் வரலாற்றில் அந்த வரிசை நிற்கவில்லை என்பதே என் வாதம். திரையில் நாம் பார்த்த அசல்கள் பெரும்பாலும் வெற்றுக்கூடுகள். ஓடவும் திரும்பவும் ஒலிக்கவும் கூடிய முழு இயந்திரமாக அவற்றை ஆக்கியதும், அழியவிருந்தவற்றைப் பற்றிய தொழில்நுட்ப அறிவைக் காப்பாற்றியதும் பெருமளவு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தான்.

அசல்கள் எப்படி இருந்தன? 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் பெண் ரோபோ, வால்டர் ஷூல்ட்ஸே-மிட்டன்டார்ஃப் செய்த ஒரு கவச உடை. உள்ளே இருந்தவர் நடிகை பிரிகிட்டே ஹெல்ம். அந்த உடை இன்று இல்லை. 1956இல் எம்.ஜி.எம். தயாரித்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்தின் ராபி, ஸ்டுடியோ பெருஞ்செலவில் செய்த உடை. அதற்குள்ளும் ஆள்தான். பல படங்களில் தலைகாட்டிய பின் ஸ்டுடியோ அதை விற்றது. கலிஃபோர்னியாவின் ஓர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கை வைத்துக் கை வைத்து அது சிதைந்தது. 1970களில் அதை மீட்டவர் ஃப்ரெட் பார்ட்டன் என்ற ரோபோ ஆர்வலர், ஸ்டுடியோ ஊழியர் அல்ல. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரில் பாப் மே உள்ளே நின்று இயக்கிய ரோபோவுக்கு வேறு வகை அவலம்: 1977இல் ஒரு சிறுவர் தொடருக்காக உருமாற்றி வேறு வண்ணம் பூசிவிட்டார்கள். படப்பிடிப்பு முடிந்தால் செட்டைப் பிரிப்பதுபோல் ரோபோவையும் பிரிப்பதுதான் தொழில் வழக்கம். அதில் ஸ்டுடியோக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது காட்சி, காட்சி கிடைத்துவிட்டது.

பி.பி.சி. தொலைக்காட்சியில் ரோபோ போன்ற உருவத்தில் வந்த டாலெக்குகளின் கதை இன்னும் தெளிவானது. 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பர் 21 அன்று முதன்முதலில் தோன்றிய அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். அக்ஸ்பிரிட்ஜில் இருந்த ஷாக்ராஃப்ட் நிறுவனம் முதலில் நான்கு கூடுகள் செய்துகொடுத்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து காலால் உந்தி நகர்த்துவார். பாவாடைப் பகுதியைச் சுற்றி 56 அரைக்கோளங்கள். கை என்று நீட்டிக்கொண்டிருந்தது கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் உறிஞ்சி. நான்கு கூடுகளை வைத்துப் படையெடுப்பைக் காட்ட முடியாது. எனவே 1965இல் சினிமாவுக்காகச் செய்த டாலெக்குகளைக் கடன் வாங்கினார்கள். 1966இல் புகைப்படத்தைப் பெரிதாக்கி வெட்டி பின்னால் நிறுத்தினார்கள். 1967இல் கடையில் விற்ற பொம்மைகளையே படைவரிசையாக அடுக்கினார்கள். தயாரித்தவர்களே போலிகளைக் கலந்துதான் கதையை நடத்தினார்கள். 1973இல் தொடரின் பத்தாம் ஆண்டுச் சிறப்பிதழாக 'ரேடியோ டைம்ஸ்' வெளியிட்ட இதழில், வீட்டிலேயே டாலெக் செய்வதற்கான அளவுப்படங்கள் வந்தன. பிறகு எத்தனையோ கொட்டகைகளில் ஒட்டுப்பலகை அறுபட்டது. ஆனால் அந்த அளவுகளோடு நின்றுவிட ஆர்வலர்கள் தயாராக இல்லை. பழைய கூடுகளின் தோளும் பாவாடையும் ஆண்டுக்காண்டு ஒன்றோடொன்று மாற்றிப் பொருத்தப்பட்டவை என்று கண்டு, எந்தக் கதையில் எந்தத் தோள் எந்தப் பாவாடையோடு சேர்ந்தது என்பதைப் புகைப்படத்துக்குப் புகைப்படம் ஒப்பிட்டு நிறுவினார்கள். ஏட்டுச் சுவடிகளை அடுக்கிவைத்துப் பாடபேதம் பார்த்த உ.வே.சாமிநாதையருக்கு இந்த வேலையின் இயல்பு உடனே புரிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் முழு வளர்ச்சி கண்டது ஆர்2-டி2 விஷயத்தில். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அது ஒரே பாத்திரம். படப்பிடிப்பில் ஒரே பொருளாக இருக்கவில்லை. இரண்டு காலில் தள்ளாடி நடக்கும் கூட்டுக்குள் கென்னி பேக்கர் இருந்தார். மூன்று காலில் உருண்டு செல்வது ரேடியோவால் இயங்கிய வேறு கூடு. துனிசியப் பாலைவனத்தில் அது படுத்திய பாடு படக்குழுவினர் பலமுறை சொன்னதுதான். 1980இல் வந்த அடுத்த படத்துக்காக டோனி டைசனின் பட்டறை புதிதாகச் சில ஆர்2-டி2க்களைச் செய்தது. இத்தனை கூடுகள் இருந்தும், நின்ற இடத்தில் மூன்றாம் காலை இறக்கி, உடலைச் சாய்த்து, ஓடி, மறுபடி இரண்டு காலில் நிமிரக்கூடிய ஒற்றை இயந்திரம் அந்தப் படங்களுக்குத் தேவைப்படவில்லை. கேமரா ஒரு ஷாட்டை வெட்டிவிட்டால் போதும். வெட்ட வழியில்லாதவர்கள் ஆர்வலர்கள். சிறுவர்கள் சுற்றி நின்று பார்க்கும்போது ரோபோ நேரில் இயங்கியாக வேண்டும்.

1999இல் டேவ் எவரெட் என்ற ஆஸ்திரேலியர் ஆர்2 கட்டுவோர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் சாதனை இயந்திரம் அல்ல, அளவு. படத்தில் வந்த கூடுகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டவை. அதனால் உறுப்பினர்கள் ஒரு பொது அளவை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கடைந்த தலைக்கூடு கண்டம் கடந்து இன்னொருவர் வெட்டிய உடற்சட்டத்தில் உட்காரும். பெயர் இல்லாத பாகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். தொலைபேசிப் பெட்டியில் சில்லறை விழும் குழியைப் போலிருந்ததால் ஒரு பாகம் 'காயின் ரிட்டர்ன்' ஆயிற்று. தலையில் உள்ள ஒளிவீசும் குமிழ்கள் விக்கர்ஸ் வைகவுன்ட் விமானத்தில் பயணிகளின் தலைக்கு மேல் இருந்த படிப்பு விளக்குகளே என்று அடையாளம் கண்டார்கள். உண்மையான விளக்கே வேண்டும் என்றவர்கள் பழைய விமான உதிரிகளைத் தேடி அலைந்தார்கள். ஒருவர் ஒரு பாகத்தை ஐம்பதோ நூறோ செய்து அடக்கவிலைக்கு மற்றவர்களுக்கு அனுப்புவது வழக்கமாகியது. தொழில்நுட்பச் சிக்கல்களும் சிறுபிள்ளை விளையாட்டு அல்ல. தலை ஓயாமல் சுழலும். உள்ளே போகும் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். எனவே சுழலும்போதும் மின்சாரம் தொடரும்படி ஸ்லிப் ரிங் வேண்டும். மூன்று காலில் உடல் 18 டிகிரி சாயும். எடை பின்னால் போகும். பேட்டரியை எங்கே வைப்பது என்பதில்தான் ரோபோ நிற்பதும் விழுவதும். சக்கர நாற்காலி மோட்டார்கள் பலருடைய ரோபோக்களின் காலுக்குள் ஓடுகின்றன. கால் இறக்கி ஏற்றும் பொறியமைப்பைச் சிலர் ஒரே உடலுக்குள் சாதித்தார்கள்.

2013 ஜூலையில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்த ஸ்டார் வார்ஸ் விழாவில் பிரிட்டன் உறுப்பினர்கள் தங்கள் ஆர்2-டி2க்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பார்வையிட வந்த லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடியிடம், புதிய படத்துக்கு ஆள் தேவைப்பட்டால் நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னார்கள். லீ டவர்ஸியும் ஆலிவர் ஸ்டீபிள்ஸும் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 2015இல் வெளிவந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தின் ஆர்2-டி2 அவர்கள் கையால் ஆனது. ரசிகரின் கனவு பலித்தது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு இதில் கனவைவிடக் கணக்குதான் தெரிகிறது: பதினைந்து ஆண்டுகள் ஒரே பொருளை ஆயிரம் கைகள் திருத்திக்கொண்டே இருந்தால், அந்த அறிவு ஸ்டுடியோவிடம் இருக்காது, அவர்களிடம்தான் இருக்கும். கம்பெனி அங்கே போனதில் வியப்பில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. இவை ரோபோக்களே அல்ல, தொலைவிலிருந்து ஒருவர் குச்சியைத் திருகி இயக்கும் பொம்மைகள் என்பது முதலாவது. உண்மைதான்; பெரும்பாலானவற்றுக்குச் சொந்த அறிவு கிடையாது. ஆனால் இந்த அளவுகோலை வைத்தால் கென்னி பேக்கர் உள்ளே இருந்த கூடு அதைவிடக் கீழே போய்விடும். நகலைக் குறைத்து மதிப்பிட இந்த வாதம் உதவாது.

இன்னும் கனமான மறுப்பு, இது படைப்பு ஆகாது, பின்பற்றல் மட்டுமே என்பது. சொந்தமாக ஒரு ரோபோவைக் கற்பனை செய்ய ஏன் இவர்களுக்கு மனம் வரவில்லை? சிலருக்கு வருகிறது, பலருக்கு வருவதில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்பற்றுவதற்கு அசல் என்று ஒன்று உறுதியாக இருக்க வேண்டுமே. 2017இல் ஓர் ஆர்2-டி2 அமெரிக்க ஏலத்தில் 27 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அது எந்த ஒரு படத்திலும் முழுசாக நின்ற பொருள் அல்ல. பல படப்பிடிப்புகளில் பயன்பட்ட பாகங்களை ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேகரித்துப் பூட்டியது. அதாவது, ஏலத்தில் விற்ற 'அசல்' ஒரு கட்டுமானம், ஒரு ஆர்வலரின் கை வேலை. அதே ஆண்டு ராபியின் உடை 53 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றது. பார்ட்டன் சீரமைத்திராவிட்டால் ஏலத்துக்கு வர எதுவும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயம். எரிக்கும் இப்படித்தான். அமெரிக்கா போய்வந்த பிறகு காணாமல் போன அந்த ரோபோவை 2016இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் 50,000 பவுண்டுக்கு மேல் திரட்டி, பழைய புகைப்படங்களைப் பார்த்து மறுபடி கட்டுவித்தது. அருங்காட்சியகம் செய்தால் மீட்டுருவாக்கம், தனியாள் செய்தால் விளையாட்டு என்று பிரிப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குப் படவில்லை.

உரிமை பற்றிய மறுப்பை ஒதுக்க முடியாது. ஆர்2-டி2 ஒரு பெருநிறுவனத்தின் சொத்து. இவர்கள் இலவசமாக விளம்பரம் செய்துகொடுக்கிறார்கள், நிறுவனம் வேண்டும்போது தடுக்கலாம். இதில் பாதி சரி. லாபத்துக்கு விற்காதவரை கண்டுகொள்ளாமல் விடுவது என்ற எழுதாத உடன்பாட்டின் மேல்தான் இந்தப் பொழுதுபோக்கே நிற்கிறது. ஆனால் சொத்தின் கதையையும் முழுசாகப் பார்க்க வேண்டும். டாலெக்கின் உரிமையில் எழுத்தாளர் டெரி நேஷனுக்குப் பங்கு இருந்தது. அதன் உருவத்தை வரைந்த கியூசிக், சம்பள ஊழியர் என்பதால், ராயல்டி பெறவில்லை. ஸ்டார் வார்ஸ் போர்வீரரின் தலைக்கவசத்தை முதலில் வார்த்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் மேல் லூகாஸ்ஃபிலிம் தொடுத்த வழக்கில், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2011இல் அந்தக் கவசம் சிற்பம் ஆகாது, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு சாதனமே என்று தீர்ப்பளித்தது. சட்டம் சாதனம் என்கிறது, ஸ்டுடியோ விற்றுத் தள்ளுகிறது. பேணத்தக்க கலைப்பொருளாக அதை மதித்து நடப்பவர்கள் கட்டுகிறவர்கள்தான்.

வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்பதும் ஓரளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதே. அலுமினியத்தில் ஆர்2-டி2 கட்ட ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும், வீட்டோடு கார் கொட்டகையும் வேண்டும். ஒட்டுப்பலகை டாலெக்கும் பிளாஸ்டிக் தகட்டு ஆர்2வும் முன்பே இந்தச் செலவைக் குறைத்தன. முப்பரிமாண அச்சு இயந்திரம் இன்னும் குறைத்தது. அச்சு வந்ததும் கைத்திறன் போயிற்று என்று முணுமுணுக்கும் மூத்தவர்கள், அச்சடித்த பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து உலோகம்போல் ஆக்குவதற்கு ஆகும் வாரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. மூளைக்கட்டியால் இறந்த ஒரு சிறுமிக்காகச் சங்கத்தார் கட்டிய இளஞ்சிவப்பு நிற ஆர்2-கேடி, பின்னர் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்திலும் இடம்பெற்றது. குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு ரோபோக்களை ஓட்டிச் செல்வது இவர்களிடையே பரவலான வழக்கம்.

திரைக் காப்பகங்கள் இதுவரை சேமித்தவை கூடுகள். அந்தக் கூடு எப்படி நின்றது, எந்த விளக்கு எங்கிருந்து வந்தது, எந்த அளவு எந்தப் படத்தில் மாறியது என்ற விவரம் தனியாட்களின் நோட்டுகளிலும் கணினிக் கோப்புகளிலும் கிடக்கிறது. 1970களில் தொடங்கியவர்கள் இப்போது முதியவர்கள். அருங்காட்சியகங்கள் ரோபோவை ஏலத்தில் எடுக்கும்போது, அதன் பக்கத்து ஊரில் அதே ரோபோவைக் கட்டியவரைத் தேடிப்போய் அவருடைய அளவுப்படங்களையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். ஏலத்தொகையோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.