பார்லி விளையாத தென்காசியில் மால்ட்... கேப்பை இருக்க கவலை எதுக்கு?

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் லேசான இனிப்பும் வறுத்த தானியமும் கலந்த ஒரு வாசனை வருமே, அதுதான் மால்ட் வாசனை. பீருக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கிக்கும் அடிப்படை இந்த மால்ட்தான். தென்காசிப் பக்கம் கைக்குழந்தைக்கு முளைகட்டிய கேப்பையில் கூழ் காய்ச்சுகிறார்களே, அதுவும் இதே டெக்னிக்தான். ஆனா, குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் இதைச் செய்யும்போது ரொம்பவே கவனம் வேணும். ஏன்னு பார்க்கலாம்.

மால்ட்னா என்ன?

தானியத்தை முளைக்க விட்டு, சரியான நேரத்தில் காயவைத்து நிறுத்துவதுதான் மால்ட். விதை முளைக்கும்போது அதற்குள் அமிலேஸ் என்ற நொதி உருவாகும். மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பது இதன் வேலை.

மால்ட் ஆலைகளில் பார்லியை (வாற்கோதுமை) ஈரப்பதம் 42-46% ஆகும்வரை ஊறவைப்பார்கள். பிறகு 15-18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் 4 முதல் 6 நாள் முளைக்க விடுவார்கள். கடைசியில், சூடான காற்றைச் செலுத்தி ஈரப்பதத்தை 4-5% வரை குறைப்பார்கள். இதைப் பொடித்து வெந்நீரில் கலந்தால் சர்க்கரைக் கரைசல் கிடைக்கும். ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்தால் பீர் பக்குவம். அதைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் ஊறப்போட்டால் விஸ்கி.

நம்ம ஊர்ல ஏன் பார்லி இல்லை?

பார்லிக்குக் குளிர் வேணும், அறுவடை நேரத்தில் வெயில் வேணும். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஹரியானா மாதிரி மாநிலங்களில் அக்டோபர், நவம்பரில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுக்கிறார்கள். தென்காசியில் அந்தக் குளிர் கிடையாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று, அக்டோபரில் இருந்து வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பார்க்கும் ஊர் இது. அதனால்தான் இங்கே கார், பிசானம் என்று நெல் பருவங்கள். விளைந்த பார்லி மழையில் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அப்புறம் அது மால்ட்டுக்கு உதவாது.

தமிழ்நாட்டில் பார்லிக்குச் சரியான இடம் நீலகிரி. படுகர் மக்கள் முன்பு அதைப் பயிரிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே பீர் ஆலையும் இருந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மேன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். அந்த ஐந்தில் நீலகிரி புரூவரியும் ஒன்று. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தியது. அதற்கான இந்திய பார்லி விளைந்தது வடமாநிலங்களில்!

'கடையில பார்லி வாங்கி நானே முளைகட்டலாமே?' என்கிறீர்களா... நடக்காது. மளிகைக்கடை பார்லி, உமியும் தவிடும் நீக்கித் தீட்டப்பட்டது. அதில் முளைக்குருத்து சேதமாகியிருக்கும்.

கேப்பைதான் நம்ம மால்ட்!

சிறுதானியங்களில் மால்ட்டுக்குப் பேர்போனது கேழ்வரகு, அதாவது நம்ம கேப்பை. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ விஞ்ஞானிகள் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயறையும் சேர்த்து உருவாக்கிய குழந்தை உணவு பற்றிய ஆய்வு 1982-ல் வெளிவந்தது.

சாதா கேப்பை மாவில் கூழ் காய்ச்சினால் சட்டென்று கெட்டியாகும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்து குறையும். குழந்தையின் வயிறோ ரொம்பச் சின்னது, நாலைந்து ஸ்பூனிலேயே நிறைந்துவிடும். முளைகட்டிய மாவில் அமிலேஸ் இருப்பதால், அதிக மாவு போட்டாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். அதே நாலு ஸ்பூனில் கூடுதல் சத்து போகும். கேப்பையில் குளூட்டன் கிடையாது, பார்லியில் உண்டு என்பதையும் நினைவில் வைங்க.

எப்படிச் செய்றது?

* கல், மண் போகக் களைந்து, 10-12 மணி நேரம் ஊறவைங்க. நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்க.
* நீரை வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் கட்டி வைங்க. துணி காயாமல் லேசாகத் தண்ணீர் தெளிங்க. 1 முதல் 2 நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும்.
* மெல்லிசாகப் பரப்பி, மொறுமொறுவென உலரும்வரை காயவைங்க.
* கையால் தேய்த்து, உதிரும் முளையைப் புடைத்து எடுங்க.
* வாசனை வரும்வரை மட்டும் இளம் சூட்டில் வறுத்து அரைங்க. கருக வறுத்தால் நொதி செத்துப்போகும்.

சாரல் நேரத்து ஜாக்கிரதை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசியில் காற்றிலேயே ஈரம் இருக்கும். முளைப்பதில் பிரச்னை இல்லை, காயவைப்பதில்தான் பிரச்னை. ஈரமான தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் போன்ற நச்சுகள் கல்லீரலைப் பாதிக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. பச்சை, கறுப்புப் புள்ளியோ, புளித்த, மக்கிய வாசனையோ தெரிந்தால், 'கழுவிக்கலாம்'னு நினைக்காமல் மொத்தத்தையும் கொட்டிடுங்க.

ஒரு வருஷத்துக்குத் தேவையான மாவை ஒரே நாளில் அரைக்க வேண்டாம். கால் கிலோ போதும். ஃபேனுக்கு அடியில் காயவைத்து, அரைத்த மாவைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைங்க. நல்ல வெயில் இருக்கும் மார்ச், ஏப்ரல்தான் இதற்கு ஏற்ற மாதங்கள்.

கூழ் காய்ச்சும் சூட்சுமம்

கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் நொதி உடனே செயலிழக்கும், கூழ் கெட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்க. 60-70 டிகிரியில் அமிலேஸ் தன் வேலையை முடித்துவிடும். பிறகு கட்டாயம் நன்றாகக் கொதிக்க விடுங்க. முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகும் என்பதால் இந்தக் கொதி ரொம்ப முக்கியம். குழந்தைக்கு 6 மாதம் முடிந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

இதுல பீர் போடலாமா?

மால்ட் மாவு வரைக்கும் சமையல். உரிமம் இல்லாமல் அதை மதுவாக்கினால் 1937-ம் வருட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1987 முதல் இங்கே கள் இறக்கவும் தடை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனால் கேரளாவின் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. ஆனா, அந்த அனுமதி நம்ம வீட்டுச் சமையலறைக்குச் செல்லாது!